இறங்காத கீல், இடிக்கும் கீல், ஒழுகும் கீல்: சிறிய பாய்மரப் படகுக்கு அறிகுறி பார்த்துப் பழுது நீக்குவது

சிங்கப்பூரின் சாங்கிப் பக்கத்தில் நீரிலேயே கட்டிக் கிடக்கும் 22 அடிப் பாய்மரப் படகு ஒன்றை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வைத்திருக்கிறோம். நால்வரும் கப்பல் பட்டறை ஆட்கள். நான் பிட்டர், இயந்திரப் பாகங்களைப் பொருத்துகிறவன். பாய், சுக்கான், பாய்மரம் எதுவும் எங்களை அதிகம் படுத்தியதில்லை. ஸ்விங் கீல்தான் திரும்பத் திரும்ப வேலை வைக்கிறது. பக்கத்துப் படகுக்காரர்களும் கூப்பிட ஆரம்பித்த பிறகு, எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது என்று ஒரு வரிசை கையில் படிந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழில் கீல் என்றால் கதவுக் கீல். படகின் அடிமரத்துக்கு நம்மிடம் ஏரா என்று வேறு சொல் இருக்கிறது. ஆனால் ஸ்விங் கீலைப் பொறுத்தவரை இரண்டு பொருளும் ஒன்றுதான். முன்நுனியில் ஓர் அச்சாணியில் இரும்புப் பலகை தொங்குகிறது. பின்நுனியை ஒரு வயர் ரோப் பிடித்திருக்கிறது. உள்ளே இருக்கும் வின்ச்சை (வயரைச் சுற்றி இழுக்கும் கைப்பிடி உருளை) சுற்றினால் அது படகின் அடியில் உள்ள கூட்டுக்குள் மடங்கி ஏறும், அவிழ்த்தால் இறங்கும். ஆக, பழுது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும்: வயர், வின்ச், கூடு, அச்சாணி. செலவும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் கூடும்.

கை வைக்கும் முன்

எடையை மனதில் வையுங்கள். அதிகம் புழங்கும் கேட்டலினா 22 மாடலில் கீல் மட்டும் சுமார் 250 கிலோ வார்ப்பிரும்பு. ஒரு வயரில் தொங்கும் 250 கிலோவுக்கு அடியில் கை, தலை, கால் எதுவும் போகக் கூடாது. பட்டறையில் தொங்கும் சுமைக்குக் கீழே நிற்காதே என்று தினமும் காலைக் கூட்டத்தில் கேட்கிறோம். படகு சிறியது என்பதால் அந்த விதி மாறிவிடாது. படகு கரையில் இருந்தால் கீலுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, எடை கட்டையில் உட்கார்ந்த பிறகே வயரைத் தொடுங்கள். படகு நீரில் இருக்கும்போது கீலைச் சரிபார்க்க அடியில் முங்காதீர்கள். சாங்கியில் நீரோட்டம் வலுவானது, கலங்கல் தண்ணீரில் ஒரு முழத்துக்கு மேல் கண் தெரியாது, நீங்கள் தட்டுகிற நேரத்தில் கீல் விடுபட்டு விழலாம்.

அறிகுறி: வின்ச்சை அவிழ்த்தாலும் கீல் இறங்கவில்லை

முதல் வேலை, கையை நிறுத்துவது. வின்ச் சுற்றுகிறது, வயர் தளர்கிறது, கீல் அசையவில்லை என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் வயரில் தொய்வு சேர்ந்துகொண்டே போகும். கீல் திடீரென விடுபட்டால் அவ்வளவு தூரமும் தடையில்லாமல் விழுந்து, வயர் இழுபடும் இடத்தில் வெட்டி இழுக்கும். ஒருமுறை உபின் தீவுக்கு எதிரே நான் இதைப் பொறுமையில்லாமல் செய்தேன். பத்துப் பன்னிரண்டு சுற்று அவிழ்த்துவிட்டுப் படகுத் தளத்தில் குதித்தேன். கீல் விழுந்த சத்தத்தோடு வயரும் அறுந்தது. கூட வந்த அண்ணன், “தம்பி, முதல்ல தொய்வை எடுத்திருக்கணும்” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து தொய்வை எடுக்காமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

வயர் லேசாக விறைக்கும் வரை திரும்பச் சுற்றுங்கள். பிறகு கால் சுற்று மட்டும் அவிழ்த்துவிட்டு, படகின் இரு பக்கமும் மாறி மாறி நின்று ஆட்டுங்கள். அசைந்தால் இன்னொரு கால் சுற்று. இது குறைந்தது 2 மீட்டர் ஆழத்தில் நடக்க வேண்டும். இங்கே பெரிய ஏற்றவற்ற நாள்களில் நீர்மட்டம் கிட்டத்தட்ட 3 மீட்டர் வரை மாறும். நீர் வற்றிய நேரத்தில் கீல் தரையில் முட்டி நிற்பதையே இறுகல் என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொட்டலசும் மட்டியும்தானா?

சிங்கப்பூரில் முதல் சந்தேகம் இதுதான், பெரும்பாலும் கடைசிப் பதிலும் இதுதான். ஆண்டு முழுவதும் 28 முதல் 30 பாகை வரை வெதுவெதுப்பாக இருக்கும் நீரில் கொட்டலசுக்கு (படகடியில் ஒட்டி வளரும் ஓட்டுச் சிற்றுயிர், பார்னக்கிள்) ஓய்வு மாதமே கிடையாது. வடக்கே ஜோகூர் நீரிணையில் பச்சை மட்டியும் உண்டு. போதாததற்கு, அமெரிக்கக் கண்டத்துக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிறிய கறுப்பு மட்டி 2016இல் அங்கே கண்டறியப்பட்டுக் கொத்துக் கொத்தாகப் பரவியிருக்கிறது. கூட்டுக்கும் கீலுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளிதான் இருக்கும். அதில் கொட்டலசு நிறைந்தால் ஆப்பு அடித்ததுபோல் கீல் பிடித்துக்கொள்ளும்.

தடுப்பு எளிது: வாரம் ஒருமுறை, படகை எடுக்காவிட்டாலும் கட்டிய இடத்திலேயே (ஆழம் போதுமென்றால்) கீலை முழுவதும் இறக்கி ஏற்றுங்கள். இளசாக இருக்கும் கொட்டலசு உரசலில் உதிர்ந்துவிடும். இரண்டு மாதம் விட்டால் உதிராது, படகைக் கரையேற்றத்தான் வேண்டும். கரையில் கீலைக் கட்டை மேல் பாதி இறக்கி, நீளமான மெல்லிய மரச் சட்டத்தால் கூட்டின் உள்சுவரைச் சுரண்டுங்கள். இரும்புப் பட்டை வேண்டாம், சுவரின் ஜெல்கோட், அதாவது கண்ணாடியிழை மேல் உள்ள வழவழப்பான பூச்சு, கீறும். கீறிய இடத்தில் அடுத்த முறை கொட்டலசு இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

சுத்தமாக இருந்தும் இறங்கவில்லையா?

தரை தட்டிய பிறகு தொடங்கியதென்றால் சரளைக் கல் சிக்கியிருக்கலாம். வண்ணம் பூசிய பிறகு தொடங்கியதென்றால் பூச்சுத் தடிமனாகிவிட்டது, தேய்த்துக் குறையுங்கள். இரண்டும் இல்லையென்றால் வயர் திரும்பும் கப்பியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். உப்பேறி நின்றுவிட்ட கப்பியில் வயர் பள்ளத்தை விட்டு நழுவி, பக்கவாட்டில் கவ்விக்கொள்ளும். கப்பியும் சுழல்கிறது, கீல் மட்டும் பழுப்பு வரியோடிப் பருத்திருக்கிறது என்றால் துருப் பொரிதான் காரணம். அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கீல் வளைந்திருந்தால், அல்லது கூடே உள்பக்கம் பிதுங்கியிருந்தால், அது நம் கையில் இல்லை. கூட்டின் அகலத்தை மூன்று இடங்களில் அளந்து எழுதிக்கொண்டு படகுப் பட்டறையைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: ஏற்றும்போது கனக்கிறது, அல்லது கைப்பிடி நழுவுகிறது

இரண்டும் வேறு வேறு. கனத்தால் வின்ச்சின் பல்சக்கரத்தையும் கப்பியையும் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு கிரீஸ் வையுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

நழுவினால் கிரீஸ் டப்பாவைத் தொடாதீர்கள். பிரேக் வைத்த வின்ச்சில் கைப்பிடியை விட்டாலும் சுமையைப் பிடித்து நிறுத்துவது உராய்வுத் தட்டுகள். அவற்றில் எண்ணெய் பட்டதால்தான் பெரும்பாலும் நழுவல் வருகிறது. தட்டுகளைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் தட்டு மாற்ற வேண்டும். பழைய வின்ச் என்றால் முழு வின்ச்சையே மாற்றுவது எனக்குச் சரியாகப் படுகிறது. பிரேக் இல்லாத, பல் கொக்கி மட்டும் உள்ள வின்ச்சில் கொக்கியை எடுத்துவிட்டுக் கைப்பிடியைச் சுழல விடவே கூடாது. 250 கிலோ இழுக்க, சுற்றி வரும் இரும்புக் கைப்பிடி மணிக்கட்டை ஒடிக்கும், முகத்தில் பட்டால் பல் போகும்.

அறிகுறி: வயரில் பிசிறு

இதில் “எவ்வளவு பிசிறு?” என்ற கேள்வியே இல்லை. உள்ளங்கையில் துணி சுற்றி வயரைத் தடவும்போது ஓர் இழை துணியில் கொக்கி போட்டாலும் அந்த வயரின் காலம் முடிந்தது. நாம் பார்ப்பது வின்ச் பக்கத்து நுனி. உண்மையான தேய்மானம் கப்பியைச் சுற்றி வளையும் இடத்திலும், நீருக்கடியில் கீலோடு சேரும் கண்ணியிலும் இருக்கும். ஆகவே கரையேற்றும் ஒவ்வொரு முறையும் கீழ்க் கண்ணியைப் பார்க்காமல் இறக்காதீர்கள். கண்ணியைப் பிடிக்கும் ஆணியும் அதன் கொண்டை ஊசியும் சேர்த்துத்தான்.

மாற்றுவதற்கு வேண்டியது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வயர், 7×19 பின்னல். அந்தப் பின்னல்தான் கப்பியில் வளைய இணங்கும். பழைய வயரின் தடிமனையே வாங்குங்கள். தடிமனைக் கூட்டினால் பலம் கூடும் என்று தோன்றும், ஆனால் அது சிறிய கப்பியில் வளைய மறுத்து முன்னதாகவே உடையும். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் வயர் மீட்டர் கணக்கில் கிடைக்கும், கண்ணியையும் அங்கேயே அமுக்கித் தரச் சொல்லலாம். அப்போது கவனிக்க வேண்டியது ஒன்று: கண்ணியை இறுக்கும் குழல் செம்பாக இருக்கட்டும். அலுமினியக் குழலும் எஃகு வயரும் உப்புநீரில் ஒன்றாகக் கிடந்தால் அலுமினியம் அரித்துப் போகும். வெளியே வெள்ளைப் பொடி தெரியும் நேரத்தில் பிடி போயிருக்கும். கண்ணிக்குள் திம்பிளும் (வயர் தேயாமல் காக்கும் உலோக வளையம்) வேண்டும். யூ போல்ட் கிளிப்பைத் தற்காலிகமாகப் போட்டு வீட்டுக்கு வரலாம், அதோடு பாய் விரிக்கப் போகாதீர்கள்.

அறிகுறி: பாயில் ஓடும்போது ரீங்காரம்

கூட்டுக்குள்ளிருந்து வண்டு பறப்பதுபோல் ஓர் ஓசை, வேகம் கூடக்கூட உயர்ந்தால், அது நீரோட்டத்தில் அதிரும் வயர். வின்ச்சில் அரைச் சுற்று இறுக்கியோ தளர்த்தியோ பார்த்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஓசையால் கெடுதல் இல்லை. ஆனால் எப்போதும் பாடாத படகு ஒருநாள் திடீரென்று பாடத் தொடங்கினால் வயரின் இழை பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: படகு முன்னால் போகாமல் பக்கவாட்டில் நழுவுகிறது

கீல் முழுவதும் இறங்கவில்லை. முழுவதும் இறங்கிய நிலையில் வயரில் வின்ச் வாயருகே சிவப்பு வண்ணத்தில் ஓர் அடையாளம் போட்டு வைத்தால் இந்தச் சந்தேகம் இனி வராது.

அறிகுறி: நங்கூரத்தில் நிற்கும்போது “டக் டக்” இடி

நான் அதிக நேரம் செலவழித்ததும், பலர் அதிக நாள் பொறுத்துக்கொள்வதும் இந்த இடிதான். இரவில் லாசரஸ் தீவுக் குடாவில் படுத்திருக்கும்போது பெரிய படகு ஒன்று கடந்துபோய், அதன் அலையில் நம் கீல் கூட்டின் இரு சுவரையும் மாறி மாறி அடித்தால் தூக்கம் வராது. அதோடு ஒவ்வொரு அடியும் அச்சாணியின் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குகிறது.

பூட்டுப் போல்ட் இறுகியிருக்கிறதா?

கீலை இறங்கிய நிலையில் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்கும் போல்ட் பல படகுகளில் உண்டு. அதைக் கையால் இறுக்கினால் போதும். குறடு போட்டு முறுக்கினால் கூட்டின் சுவரே விரிசல் விடும். இந்தப் போல்ட்டுக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து திடீரென வீசும் சுமத்ராக் காற்று படகைக் கவிழ்த்துவிட்டால், பூட்டாத கீல் தன் எடையிலேயே கூட்டுக்குள் திரும்ப மடங்கிவிடும். அப்புறம் படகு நிமிராது. கீல் பாதி ஏறிய நிலையில் சிக்கிக்கொண்டிருக்கிறது, மேற்கே வானம் கறுக்கிறது என்றால் பாயை இறக்கி மோட்டாரில் கரைக்கு வாருங்கள். பழுது அப்புறம் பார்க்கலாம்.

பூட்டியும் இடிக்கிறதா?

கரையேற்றித்தான் பார்க்க வேண்டும். கீலின் எடையைக் கட்டை மேல் முக்கால் பங்கு உட்கார வைத்து, ஒருவர் பின்நுனியைப் பக்கவாட்டில் ஆட்ட, இன்னொருவர் அச்சாணிப் பக்கம் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். மூன்றில் ஒன்று தெரியும்.

கீலும் அச்சாணியைப் பிடித்திருக்கும் தாங்கியும் சேர்ந்தே ஆடினால் தாங்கியின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. இறுக்குங்கள். ஒரு போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதைப் பிடித்திருக்கும், கண்ணாடியிழைக்குள் புதைந்த உலோகம் அழுகியிருக்கலாம். அதற்குப் படகின் அடிப்பகுதியை வெட்டித் திறக்க வேண்டியிருக்கும், ஆகவே படகுப் பட்டறைக்காரர்தான் பார்க்க வேண்டும்.

தாங்கி அசையாமல், கீல் மட்டும் இரு தாங்கிகளுக்கும் நடுவே இடமும் வலமும் நகர்ந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது. இரு பக்கமும் சமமாக வாஷர் சேர்த்து இடைவெளியை அடைக்க வேண்டும். ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் போட்டால் கீல் கூட்டின் நடுவில் நிற்காது.

கீல் மேலும் கீழும் தளர்ந்து ஆடினால் அச்சாணி தேய்ந்திருக்கிறது. இதை வெளியிலிருந்து ஊகிக்க முடியாது, கழற்றி அளந்தால்தான் தெரியும்.

அச்சாணியைக் கழற்றுவது

படகு போதிய உயரத்தில் நிற்க வேண்டும். கீலுக்கு அடியில் உறுதியான பேலட், அதன் மேல் கட்டை, அதன் மேல் கீல். பின்நுனிக்கு ஒரு செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) கூடுதல் காவல். வயரின் எடை முழுதும் தளர்ந்ததை உறுதி செய்த பிறகே தாங்கியின் போல்ட்டுகளை ஒரே சீராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் எடுத்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் அந்த வேலையை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள்.

வெளியே வந்த அச்சாணியைத் துடைத்து, நடுவிலும் இரு ஓரத்திலும் வெர்னியரால் அளங்கள். கேட்டலினா 22இல் புதிய அச்சாணி ஓர் அங்குலம், 25.4 மில்லிமீட்டர். எங்கேயாவது அரை மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் விழுந்திருந்தால் நான் மாற்றிவிடுவேன். அளவு சரியாக இருந்தாலும் நகம் மாட்டும் அளவுக்குக் குழிகள் இருந்தால் அதுவும் போனதுதான். காற்றோட்டமில்லாத இடுக்கில், வெதுவெதுப்பான உப்புநீரில், துருப்பிடிக்காத எஃகும் குழி விழுந்து அரிக்கும். பெயரை நம்பி விட்டுவிடாதீர்கள். புதிய அச்சாணி படகு வந்தபோது இருந்த அதே உலோகத்தில் இருக்கட்டும்.

அடுத்து கீலில் உள்ள துளை. அதை இரு திசையில் அளங்கள். மேல்-கீழ் அளவும் முன்-பின் அளவும் வேறுபட்டால் துளை முட்டை வடிவமாகிவிட்டது. புதிய அச்சாணியைப் போட்டாலும் சில மாதத்தில் இடி திரும்பும். துளையைக் கடைந்து புஷ் (உள் உலோகக் குழல்) இறக்க வேண்டும், கைத் துளைப்பானால் முடியாது. கீலை லாரியில் ஏற்றிக் கடைசல் பட்டறைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். செலவு கசக்கும். ஆனால் ஒழுங்காகச் செய்தால் நீண்ட நாளைக்கு அந்தப் பக்கம் திரும்ப வேண்டியிருக்காது.

அறிகுறி: கீல் முழுக்கத் துருப் பொரிகள்

கீல் கையில் இருக்கும்போதே இதையும் முடித்துவிடுங்கள். பொரியைக் கிரைண்டரால் பளபளக்கும் வரை எடுத்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவைத்து, உடனே எபாக்ஸி பிரைமர். “உடனே” என்றால் அதே நேரம். இங்கே காற்றிலுள்ள ஈரத்தில், காலை பத்து மணிக்குப் பளபளத்த இரும்பு மதியச் சாப்பாட்டுக்குள் செம்பழுப்பாகிவிடும். ஆகவே ஒரு பக்கம் தேய்த்து, அந்தப் பக்கத்துக்குப் பூசிய பிறகே மறுபக்கம் போங்கள். மழை மேகம் இருந்தால் தேய்க்கவே தொடங்காதீர்கள். கொட்டலசு ஒட்டாமல் தடுக்கும், செம்பு கலந்த ஆன்டிபவுலிங் வண்ணம் வெறும் இரும்பில் படக்கூடாது. செம்பும் இரும்பும் உப்புநீரில் சேர்ந்தால் இரும்புதான் கரையும். நடுவில் எபாக்ஸி பல பூச்சு இருக்க வேண்டும். கண்ணுக்கும் மூக்குக்கும் கவசம், தரையில் தார்பாலின். சுரண்டிய வண்ணத் தூள் நச்சு, அதைக் கடலுக்குள் பெருக்கித் தள்ளாதீர்கள்.

அறிகுறி: உள்ளே தண்ணீர்

விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்பு இல்லையென்றால் மழைநீர், ஜன்னல் ஓரத்தையும் மேல்தளத்தையும் பாருங்கள். இங்கே பெய்கிற மழைக்குப் பாதி “கீல் ஒழுக்கு” அங்கே முடிந்துவிடும்.

உப்புக் கரித்தால் அடித்தளத்தைத் துடைத்துக் காயவைத்து, திருநீறு இட்டதுபோல மெல்லியதாக டால்கம் பவுடரைத் தூவுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒழுகும் தடம் கோடாகத் தெரியும்.

கோடு வயர் ஏறி வரும் குழாயிலிருந்து தொடங்கினால் அதன் ரப்பர் ஹோஸைப் பிழிந்து பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அல்லது கல்லாய் இறுகியிருந்தால் மாற்றுங்கள், முனைக்கு இரண்டு எஃகுக் கிளிப் வீதம். அந்த ஹோஸ் முழுவதும் கழன்றுவிட்டால் படகு மூழ்கும். அதனால் படகு நீரில் இருக்கும்போது அதைக் கழற்றவே கூடாது. நாங்கள் ஒழுகுகிறதோ இல்லையோ, வயர் மாற்றும்போதெல்லாம் ஹோஸையும் மாற்றிவிடுகிறோம். செலவும் சொற்பம்தான்.

பூட்டுப் போல்ட்டிலிருந்து தொடங்கினால் அதன் சீல் போயிருக்கிறது, கரையில் வைத்து மாற்றலாம். தாங்கி போல்ட்டிலிருந்தோ கூட்டுச் சுவரில் முடிபோன்ற விரிசலிலிருந்தோ தொடங்கினால் மேலே எபாக்ஸி தடவி மறைக்காதீர்கள். ஒழுக்கு நின்றதுபோலத் தெரியும், உள்ளே இழை ஊறிக்கொண்டே போகும். விரிசலின் இரு முனையிலும் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதிப் படமெடுங்கள். படகை நீரிலிருந்து தூக்கிவிட்டு, கண்ணாடியிழை வேலை தெரிந்த படகுப் பட்டறைக்காரரிடம் அந்தப் படத்தையும் கூட்டின் அளவுகளையும் காட்டுங்கள். விரிசல் எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.